பழகாத பயணம்

திருகோணமலை உட்துறைமுக வீதியருகே, முதியவர் ஒருவர் தமது பழைய மோரிஸ் மைனர் காரின் இயந்திரத்தைப் பிரித்துப் புதுப்பித்திருந்தார். 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான கார் வகை அது. "இனி மடுவுக்கே போகலாமே?" என்றேன். "இல்லை சுவாமி! புதிய பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரோடு பழகவேண்டும். முதல் 500 மைல் மெதுவாகவே ஓட்டவேண்டும். அவசரப்பட்டால் சூடேறி இறுகிவிடும்" என்றார்.

அச்சொற்கள் என்னைச் சுட்டன. ஆகஸ்ட் 15இல் மடு அன்னையின் திருவிழாவிற்கு நம்மில் சிலர் கால்நடையாகப் புறப்படுகிறோம். ஹொரவப்பொத்தானை, வவுனியா ஊடாக 100 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வழி. கச்சான் காற்று வீசும் வறண்ட காலம். யானைகள் நடமாடும் காடு. இருளில் விரையும் வாகனங்கள். நடந்து பழகாத உடலோடு, நேர்த்தி என்பதால் நீரும் அருந்தாமல் செல்வோர் உண்டு. பாதம் புண்ணாக வந்தவர்களை மறையுரையில் புகழ்ந்தவன் நான். வெயிலில் ஒருவர் தடுமாறி உளறினால் அது ஒறுத்தல் அன்று; உயிராபத்து. நிழலில் கிடத்தி, நீரால் உடலைக் குளிர்வித்து, உடனே மருத்துவமனை சேர்க்கவேண்டும்.

பாலைநிலத்தில் சோர்ந்து படுத்த இறைவாக்கினர் எலியாவை வானதூதர் கடிந்துகொள்ளவில்லை. இருமுறை எழுப்பி அப்பமும் தண்ணீரும் அளித்தார் (1 அரச 19). உண்டு, உறங்கி, மீண்டும் உண்டபின்னரே அவர் 40 நாள் நடந்து ஓரேபை அடைந்தார்.

அன்பர்களே, ஒரு மாதம் முன்னதாகவே நடந்து பழகுவோம். வெயில் ஏறுமுன் நடந்து, நண்பகலில் இளைப்பாறுவோம், இருட்டுமுன் தங்குவோம். தாகத்திற்கு முன்பே நீர் பருகுவோம். இயலாதவரைத் தயங்காமல் பேருந்தில் ஏற்றுவோம். அன்னை நம் காயங்களை எண்ணுவதில்லை. தம் பிள்ளைகள் எல்லோரும் வந்து சேர்ந்தார்களா என்றே பார்க்கிறார்.