பழைய கம்ப்யூட்டர், புது ஆட்டம்: லாபம் எங்கே இருக்கு?

 

கேம் விளையாடும் கம்ப்யூட்டர் என்றாலே ரொம்ப விலை என்று நினைக்கிறோம். ஆனால் பழைய பாகங்களைச் சேர்த்து, குறைந்த விலைக்குச் செய்து விற்பவர்கள் நம்ம புதுக்கோட்டையிலும் இருக்காங்க. என் மாமாவும் அந்த வேலைதான் செய்கிறார். சனிக்கிழமைகளில் கடையில் தூசி தட்டுவதும் ஸ்க்ரூ கழற்றுவதும் என் வேலை. அங்கே தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

சரக்கு எங்கிருந்து வருது?

பெரிய கம்பெனிகள் சில வருஷத்துக்கு ஒரு தடவை கம்ப்யூட்டர்களை மாற்றும். பழையதை மொத்தமாகத் தள்ளிவிடும். அவற்றில் பல, சென்னை அண்ணா சாலைப் பக்கம் உள்ள ரிச்சி தெருவுக்கு வருகின்றன. டெல்லிக்கு நேரு பிளேஸ் எப்படியோ, நமக்கு ரிச்சி தெரு அப்படி. மாமா ரயில் ஏறிப் போய் வாங்கி வருவார்.

கேமுக்கு முக்கியமான பாகம் கிராபிக்ஸ் கார்டு. எத்தீரியம் என்ற மின்நாணயத்தை உண்டாக்க, உலகம் முழுக்க இந்தக் கார்டுகளை ராத்திரி பகலா ஓடவிட்டார்கள். 2022 செப்டம்பர் 15-ல் அந்த முறை மாறியது. கார்டுக்கு வேலை இல்லாமல் போய், ஏராளமான கார்டுகள் பழைய சந்தைக்கு வந்தன.

எது எதோடு சேரும்?

எல்லாப் பாகமும் எல்லாத்திலும் பொருந்தாது. இன்டெல் மூன்றாம் தலைமுறை ஐ5 பிராசசர் (2012) உட்காரும் இடத்தில் 1155 முள். நான்காம் தலைமுறைக்கு (2013) 1150 முள். ஐந்து முள்தான் வித்தியாசம், ஆனா ஒன்றில் மற்றது உட்காராது. ரேமும் அப்படித்தான். டி.டி.ஆர் 3-க்கும் டி.டி.ஆர் 4-க்கும் வெட்டு இருக்கும் இடம் வேற.

கரண்டையும் பார்க்கணும். மதர்போர்டில் கார்டு செருகும் இடம் அதிகபட்சம் 75 வாட்தான் கொடுக்கும். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்கு எஸ்.எம்.பி.எஸ்-இலிருந்து தனி ஒயர் வேணும். ஆபீஸ் கம்ப்யூட்டர் பலவற்றில் அந்த ஒயர் கிடையாது. அதனால் 60 வாட் எடுக்கும் ஜி.டி.எக்ஸ் 750 டி.ஐ போன்ற கார்டுதான் அதற்குச் சரி. ஒல்லிப் பெட்டியாக இருந்தால் உயரம் குறைந்த கார்டுதான் நுழையும்.

ஒரு கணக்கு

விலை அடிக்கடி மாறும். இது எடுத்துக்காட்டு மட்டுமே.

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் – ரூ. 6,500
பழைய கிராபிக்ஸ் கார்டு – ரூ. 5,000
புது எஸ்.எஸ்.டி – ரூ. 1,800
தெர்மல் பேஸ்ட், பேட்டரி – ரூ. 300
போக்குவரத்து – ரூ. 600
மொத்தம் – ரூ. 14,200

இதை 17,000-க்கு விற்றால் 2,800 ரூபாய் மிச்சம். பரவாயில்லையே என்று தோணும். ஆனால் விற்கும்போது மூன்று மாசம் கேரண்டி கொடுத்திருக்கிறோம். அதற்குள் கார்டு செத்துப்போனால் 5,000 ரூபாய் போச்சு. அதாவது கிட்டத்தட்ட இரண்டு கம்ப்யூட்டரின் லாபம் காலி!

அதனால்தான் மாமா, "இது சரக்கு லாபம் இல்ல பாப்பா, சோதிச்சுப் பார்க்கிற கூலி" என்பார். கார்டைப் பல மணி நேரம் ஓடவிட்டுச் சூடு பார்க்கணும். ரேமை ராத்திரி முழுக்கச் சோதிக்கணும். பழைய கார்டின் உள்நிரலை மாற்றி, புது மாடல் போலக் காட்டி ஏமாற்றுகிறவர்களும் உண்டு. ஜி.பி.யு-இசட் என்ற இலவச மென்பொருளில் பார்த்தால் பெரும்பாலும் குட்டு வெளிப்படும்.

சொல்லி விற்பது

வாங்க வருகிறவர் ஆடு வித்த காசு, சீட்டு எடுத்த காசு கொண்டு வருவார். அவருக்கு உள்ளே இருப்பது தெரியாது. விற்பவருக்குத் தெரியும். தெரிந்ததை மறைத்தால் அன்னைக்கு லாபம் கூடும், ஆனால் அடுத்த ஆள் கடைப் பக்கம் வரமாட்டார்.

இப்போது ஒரு விஷயம் கட்டாயம் சொல்லணும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசசரிலிருந்துதான் முறைப்படி ஏறும். பழைய பெட்டி விற்கும்போது இதைச் சொல்லாமல் விற்பது நியாயமா? லினக்ஸ் இலவசம், பழைய பெட்டியிலும் ஓடும், ஆனால் எல்லா கேமும் ஓடாது. அதையும் சேர்த்தே சொல்லணும்.

உங்கள் வீட்டில் வாங்கப் போனால் இவற்றைக் கேளுங்கள்:

1. பிராசசர் எந்தத் தலைமுறை?
2. கார்டின் பெயரை மென்பொருளில் காட்டுவீர்களா?
3. எஸ்.எம்.பி.எஸ் எத்தனை வாட், கம்பெனியோடு வந்ததா?
4. ஹார்டு டிஸ்க்கில் பழையவருடைய படம், ஃபைல் எல்லாம் முழுசா அழித்தாச்சா?
5. கேரண்டி எழுத்தில் உண்டா?

கடைக்கு வருபவர்கள் என்னைப் பார்த்து, "அண்ணன் இல்லையாம்மா?" என்று கேட்பார்கள். தோழிகளே, ஸ்க்ரூ டிரைவர் யார் பிடித்தாலும் திரும்பும்! இந்தக் கணக்கும் நம்ம ஒன்பதாம் வகுப்புக் கணக்கை விட லேசுதான். விருப்பம் உள்ளவர்கள் நம்ம பள்ளியில் ஓடாமல் கிடக்கும் கம்ப்யூட்டரை ஆசிரியர் அனுமதியோடு திறந்து பாருங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு மட்டும் தொடுங்கள்! எஸ்.எம்.பி.எஸ் பெட்டியை மட்டும் பிரிக்கவே கூடாது, பிளக் கழற்றிய பிறகும் அதில் கரண்ட் நிற்கும்.



– 9-ஆம் வகுப்பு மாணவி