சிறுமுதற் படங்களும் புதிய இசையின் அறிமுகமும்

புதியதோர் இசைக்குழு இரசிகனுக்கு அறிமுகமாவதைத் தனிமனித இரசனையின் தற்செயலாகக் கொள்வது வழக்கம். ஆயின் அவ்வறிமுகத்துக்கும் பொருளாதார அடித்தளம் உண்டு. 1970–77 காலக் கூட்டரசாங்கம் இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியபோது, வன்னியில் விசுவமடு, முத்தையன்கட்டுக் குடியேற்றத் திட்டங்களின் மிளகாய்ச் செய்கையாளருக்குச் சந்தை திறந்தது. அதே கொள்கையே தென்னிந்தியப் படங்களின் வரவை மட்டுப்படுத்தி, ஈழத்துத் தமிழ்ப் படங்களுக்கும் இடமளித்தது.

குறைந்த முதலீட்டில் உருவான அப்படங்களுக்குச் சென்னையின் பெயர்பெற்ற இசையமைப்பாளர் எட்டாதவர். எனவே உள்ளூர்க் கலைஞரே நாடப்பட்டனர். வானொலி நாடகமொன்றிலிருந்து பிறந்து 1976இல் வெளிவந்த ‘கோமாளிகள்’, கண்ணன்–நேசம் இணையின் இசையைத் திரைக்குக் கொணர்ந்தது. தன்னைச் சூழ்ந்த பேச்சுவழக்குகளைத் திரையிற் கேட்ட பார்வையாளன், தன் நாட்டு இசைஞரையும் பெயர்சொல்லி அறியும் வாய்ப்பைப் பெற்றான். முதலின்மை இங்கு குறைபாடாக மட்டுமன்றி, புதிய திறன்களுக்கான வாயிலாகவும் தொழிற்பட்டது.

இதனை மிகைப்படுத்தலாகாது. கட்டுப்பாடு காத்த அளவுக்கே அவ்வாயில் திறந்திருந்தது. 1977இன் பின் திறந்த பொருளாதாரம் மிளகாயையும் படங்களையும் ஒருசேரக் கொண்டுவந்தது. 1983 யூலையில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது, படச்சுருள்களும் அழிந்தன. எஞ்சிய இசைத்தட்டுக்களையும் ஒலிநாடாக்களையும் தேடித் தொகுத்தல் ஆய்வாளரின் உடனடிக் கடமையாகும். கலைஞன் பெயர் மறக்கப்படுமிடத்து, அவனது உழைப்பும் மறுக்கப்படுகிறது.