பாடத்துக்கு மவுசு, பட்டத்துக்கு?

2024-ம் ஆண்டு சிவில் சர்வீசஸ் தேர்வில் முதலிடம் பெற்றவர் அறிவியல் பட்டதாரி. இரண்டாமவர் பி.காம். மூன்றாமவர் வேலூர் வி.ஐ.டி.யில் படித்த பொறியாளர். மெயின் தேர்வில் இவர்கள் எடுத்த விருப்பப் பாடம்? முதல் இருவருக்கும் அரசியல் அறிவியல், மூன்றாமவருக்குத் தத்துவம். கலைப் பாடங்களுக்கு மவுசு குறையவில்லை. அவற்றைக் கல்லூரியில் படித்தவர்களுக்குத்தான் திண்டாட்டம்.

அவர்கள் எண்ணிக்கையும் கொஞ்சநஞ்சமல்ல. 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி இளநிலை மாணவர்களில் 34.2 சதவிகிதம் பேர் கலைப் பிரிவினர், பொறியியலில் 11.8 சதவிகிதம்தான். பி.ஏ. முடித்தவர்களில் பலருக்கு முதலில் தோன்றும் கனவு ஐ.ஏ.எஸ். பொது அறிவுத் தாள்களில் வரும் வரலாறும் அரசியல் சட்டமும் தங்களுக்குப் பழக்கமானவை என்ற தெம்பு. ஆனால், ஒரு பாடத்தை விருப்பப் பாடமாக எடுக்க அதில் பட்டம் பெற்றிருக்க வேண்டியதில்லை.

2011-ல் முதல்நிலைத் தேர்வில் கணக்கும் தர்க்கமும் கொண்ட 'சிசாட்' தாள் நுழைந்தது. அது பொறியாளர்களுக்கே சாதகம் என்று 2014-ல் டெல்லியில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். மறு ஆண்டே, 33 சதவிகிதம் எடுத்தால் போதும் என்று விதி தளர்ந்தது. போட்டி தளரவில்லை. 2024 தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 9,92,599 பேர். எழுதியவர்கள் 5,83,213 பேர். தேர்வானவர்கள் 1,009 பேர்.

பொதுப் பிரிவினருக்கு 32 வயதுவரை 6 வாய்ப்புகள். டெல்லி முகர்ஜி நகரில் அறை வாடகையும் பயிற்சிக் கட்டணமுமாகக் கரையும் அந்த ஆண்டுகள்தான் உண்மையான செலவு. தோற்ற பொறியாளர் தன் தொழிலுக்குத் திரும்ப முயலலாம். பி.ஏ.வை மட்டும் வைத்திருப்பவர் இலவு காத்த கிளிதான்.

கதவுகள் இல்லாமல் இல்லை. வங்கித் தேர்வுக்கும் மத்திய அரசின் பட்டதாரிப் பணித் தேர்வுக்கும் எந்தப் பட்டமும் போதும். மூன்றாண்டு சட்டப் படிப்புக்கும் அப்படியே. பள்ளி ஆசிரியராக பி.எட்., தகுதித் தேர்வு, கல்லூரிக்கு எம்.ஏ.வுடன் 'நெட்' அல்லது மாநிலத் தகுதித் தேர்வு. இரு மொழிகளில் தேர்ச்சி இருந்தால் மொழிபெயர்ப்பும் உண்டு.

எல்லாவற்றிலும் ஒரு நிபந்தனை தெரிகிறது: பி.ஏ.வோடு இன்னொன்று வேண்டும். ஒரு தேர்வு, ஒரு பயிற்சி, ஒரு மொழி. ஐ.ஏ.எஸ். கனவு காண்பதில் தவறில்லை. அந்த இன்னொன்றைத் தேடிக்கொள்ள 32 வயதுவரை காத்திருப்பதுதான் ஆபத்து.