கடைசி ஒரு மணி நேரம்: 2021 தேர்தலும் கொரோனாவும்

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு நேயர் கேட்டிருந்தார்: "நோய் பரவுற நேரத்துல தேர்தலைத் தள்ளிவைக்கிறதுதானே நியாயம்?" நல்ல கேள்வி. ஆனா சென்னைக்காரன் கிட்ட கேட்டா கொஞ்சம் யோசிச்சுத்தான் பதில் சொல்வான். நம்ம மாநகராட்சி மன்றத்தோட காலம் 2016 அக்டோபர்ல முடிஞ்சது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19. தள்ளிப்போனதுக்குக் காரணம் முதல்ல கொரோனா இல்ல, கோர்ட் வழக்கும் வார்டு வரையறையும். ஆனா 2020-ல தெருத்தெருவா தகரம் அடிச்சப்போ, போய்க் கேக்கறதுக்கு எங்க சிந்தாதிரிப்பேட்டையில ஒரு கவுன்சிலர் கூட இல்ல. தள்ளிவைக்கிறதுக்கும் ஒரு விலை இருக்கு.

இலங்கையில தள்ளிவைச்சாங்க. 2020 மார்ச்ல நாடாளுமன்றம் கலைஞ்சது. ஏப்ரல் 25-ன்னு இருந்த வாக்குப்பதிவு ஜூன் 20 ஆகி, கடைசியில ஆகஸ்ட் 5-ல நடந்தது. ஒத்திகைத் தேர்தல் எல்லாம் வைச்சுப் பார்த்தாங்க. தென் கொரியா 2020 ஏப்ரல் 15-ல, சொன்ன தேதியிலேயே நடத்திச்சு. ரெண்டும் சாத்தியம்தான். நாம 2021 ஏப்ரல் 6-ல எப்படி நடத்தினோம்னு பார்ப்போம்.

முதல்ல சரியா செஞ்ச விஷயம். ஒரு வாக்குச்சாவடிக்கு அதிகபட்சம் 1,500 பேர்னு இருந்ததை 1,000 ஆக்கினாங்க. 2016-ல சுமார் 66 ஆயிரமா இருந்த சாவடிகள் ஏறக்குறைய 89 ஆயிரம் ஆச்சு. நேரமும் ஒரு மணி கூடுச்சு, காலை 7 முதல் மாலை 7 வரை. நான் சும்மா ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். மாநில சராசரி மாதிரி 73 சதவீதம் பேர் வந்தா, பழைய உச்ச வரம்புல 11 மணி நேரத்துல ஒருத்தருக்கு 36 விநாடிதான் கிடைக்கும். புது வரம்புல கிட்டத்தட்ட ஒரு நிமிஷம். விவிபேட் சீட்டு கண்ணாடிக்குள்ள தெரியறதுக்கே ஏழு விநாடி போயிடும். அதனால இது சின்ன மாற்றம் இல்ல. சர்வர் எண்ணிக்கையைக் கூட்டி க்யூவைக் குறைக்கிற அதே வேலைதான். காய்ச்சல் பார்க்கிற கருவி, சானிடைசர், வலது கைக்கு பிளாஸ்டிக் கையுறை எல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

இப்போ பக் எங்கேன்னு சொல்றேன். 80 வயசுக்கு மேற்பட்டவங்க, மாற்றுத்திறனாளிகள், கொரோனா வந்தவங்க, இவங்க வீட்டிலிருந்தே தபால் வாக்கு போடலாம்னு 2021-ல விதி இருந்தது. 12டி படிவம் கொடுக்கணும். அதுக்குக் கடைசி நாள், அறிவிக்கை வெளியான அஞ்சு நாளுக்குள்ள. அறிவிக்கை மார்ச் 12. அப்போ கடைசி நாள் மார்ச் 16. வாக்குப்பதிவுக்கு 21 நாள் முன்னாடி!

முதியவங்களுக்கு இது ஓகே. வயசு மூணு வாரத்துல குறையப் போறதில்ல. கொரோனாவுக்கு? மார்ச் 16-ல காய்ச்சலோட விண்ணப்பிச்சவர், ஏப்ரல் 6-க்குள்ள பெரும்பாலும் எழுந்து நடமாடிக்கிட்டு இருப்பார். ஏப்ரல் 6-ல நிஜமா படுத்திருக்கிறவருக்கோ மார்ச் 16-ல நோயே வந்திருக்காது. சட்டத்துல வசதி இருந்தது, காலண்டர்ல இல்ல. தபால் வாக்குல ரகசியம் காக்கப்படுமான்னு அன்னைக்கு பெரிய விவாதம் நடந்தது, தி.மு.க. உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், மார்ச் மாசம் மனு தள்ளுபடி ஆச்சு. ஆனா இந்த 21 நாள் விஷயத்தைப் பத்தி யாரும் சண்டை போட்டதா எனக்கு ஞாபகம் இல்ல.

மிச்சம் இருந்தது ஒரே வழி. மாலை 6 முதல் 7 வரை, பாதுகாப்பு உடை போட்டுக்கிட்டு, நேர்ல வந்து போடலாம்.

எங்க வீடு பழைய ஸ்டோர் வீடு. ஒரே மாடிப்படி, ஆறு குடும்பம். ஏப்ரல் 2-ம் தேதி மாடியில இருந்த அண்ணனுக்கு பாசிட்டிவ். கூட்டத்துக்குப் போனதுல வந்ததுன்னு அவரே சொல்லிக்குவார். எங்க ஆயாவுக்கு அப்போ 83 வயசு. "மிஷின்ல லைட் எரியறத என் கண்ணால பாக்கணும்டா"ன்னு தபால் வாக்கு வேணாம்னுட்டாங்க, காலையிலேயே போய் போட்டுட்டு வந்தாங்க. சாயங்காலம் நான் கீழே நின்னு அண்ணனுக்கு போன் பண்ணேன். "ஆறு மணிக்கு மேல போலாம்ணா, டிரஸ் அங்கேயே தராங்க." அவர் சொன்னது இதுதான்: "தம்பி, அந்த நீல டிரஸ்ல நான் வெளிய வந்தா தெருவுக்கே தெரிஞ்சிடும். போன வருஷம் தகரம் அடிச்சதை நீ பாத்தே இல்ல?" அவர் போகல.

எனக்கு இது இன்னும் உறுத்துது. யாருக்கு ஓட்டுங்கறது மட்டும் ரகசியம் இல்ல, யாருக்கு நோய்ங்கறதும் ரகசியம்தான். ஆறு மணி வரிசையில நின்னாலே ரெண்டாவது ரகசியம் உடைஞ்சிடும். சென்னை மாவட்டத்துல வாக்குப்பதிவு 60 சதவீதத்தைத் தொடல. சென்னை எப்பவுமே பின்தங்குற ஊர்தான், பழியைக் கொரோனா மேல மட்டும் போட முடியாது. ஆனா எங்க மாடிப்படியில ஒரு ஓட்டு அப்படித்தான் போச்சு.

சாவடியில இவ்ளோ கவனம், பிரச்சாரத்துல? வீடு வீடா போனா அஞ்சு பேர், வண்டி போனா அஞ்சு வண்டின்னு விதி இருந்தது. கூட்டங்களை நீங்களே டிவியில பார்த்தீங்க, நான் சொல்லணுமா! ஸ்ரீவில்லிபுத்தூர் காங்கிரஸ் வேட்பாளர் மாதவராவ் வாக்குப்பதிவு முடிஞ்சு அஞ்சாவது நாள், ஏப்ரல் 11-ல, கொரோனாவால இறந்தார். மார்ச் முதல் நாள் மாநிலத்துல 500-க்கும் குறைவா இருந்த தினசரி தொற்று, மே 2-ல 20 ஆயிரத்தைத் தாண்டுச்சு. எல்லாமே தேர்தலாலதான்னு சொல்ல மாட்டேன். தேர்தலே நடக்காத மகாராஷ்டிராவுலயும் இரண்டாம் அலை கடுமையாத்தான் அடிச்சது.

ஏப்ரல் 26-ல சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் ஆணையத்து மேல கொலை வழக்கே போடலாம்ங்கற அளவுக்குப் பேசினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த வழக்கு எதைப் பத்தினதுன்னு பலருக்கு மறந்திருக்கும். கரூர்ல 77 வேட்பாளர்கள். ஒவ்வொருத்தருக்கும் முகவர்கள். எண்ணும் அறையில இவங்களை எப்படி இடைவெளி விட்டு நிக்க வைப்பீங்கன்னு, அங்கே போட்டியிட்ட எம்.ஆர்.விஜயபாஸ்கர் கேட்டார். எளிமையான கேள்வி. அடுத்த நாளே வெற்றி ஊர்வலத்துக்குத் தடை வந்தது. எண்ணும் மையத்துக்குள்ள போகணும்னா நெகட்டிவ் ரிப்போர்ட், இல்லன்னா ரெண்டு டோஸ் தடுப்பூசின்னும் ஆச்சு. மே மாசம் உச்ச நீதிமன்றம் அந்த வார்த்தை கடுமையானதுன்னு சொன்னாலும், நீதிபதிகள் வாய்மொழியா பேசுறதை பத்திரிகைகள் எழுதக் கூடாதுன்னு தடுக்க மறுத்துடுச்சு.

என்னைக் கேட்டா, 12டி படிவத்துல நோயாளிகளுக்கு மட்டும் கடைசித் தேதியை வாக்குப்பதிவுக்கு மூணு நாள் முன்னாடி வரைக்கும் நீட்டியிருக்கணும். கூடுதல் ஆளும் வண்டியும் வேணும்தான், மறுக்கல. ஆனா வீட்டுக்கு வந்து ஓட்டு வாங்குற குழுவும் வீடியோ எடுக்கிற ஏற்பாடும் முதியவங்களுக்காக ஏற்கெனவே இருந்தது.

2021-ல அந்த ஆறு மணி வரிசையில நின்னவங்க யாராவது இதைக் கேட்டுக்கிட்டு இருந்தா, ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. எத்தனை பேர் நின்னீங்க, யார் எப்படிப் பார்த்தாங்க, எல்லாம் சொல்லுங்க. அடுத்த எபிசோடுல போடறேன்.