போனக்காடு ‘பேய் பங்களா’: படமெடுக்கச் செல்வோர் அறிய வேண்டியவை என்ன?

திருவனந்தபுரம்: அகத்தியர்மலை அடிவாரத்தில் சிதைந்து நிற்கும் போனக்காடு தேயிலைத் தோட்ட பங்களா, ‘பேய் பங்களா’ என்ற பெயரில் சமூக வலைதளங்களில் தொடர்ந்து வலம் வருகிறது. அங்குச் செல்வதற்கான விதிகள் என்ன, படங்களில் இடம்பெறாத செய்தி எது என்பதைக் காண்போம்.

எங்குள்ளது?

திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாகச் சுமார் 60 கி.மீ. தொலைவில் போனக்காடு அமைந்துள்ளது. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்கான மலையேற்றமும் இங்கிருந்தே தொடங்குகிறது. கதவு, சன்னல்களை இழந்த தோட்ட மேலாளர் பங்களாவும், இயங்காத தேயிலைத் தொழிற்சாலையும் படமெடுப்போரை ஈர்க்கின்றன.

தோட்டங்கள் உருவானது எப்படி?

தென் திருவிதாங்கூர் மலைகளில் 1860-களில் ஐரோப்பியர்கள் காப்பி பயிரிட்டனர். இலைத்துரு நோயால் காப்பி அழிந்த பின்னர் தேயிலை பரவியது. 1990-களின் இறுதியில் தேயிலை விலை சரிந்ததால் கேரளத்தின் பல தோட்டங்கள் நெருக்கடியில் சிக்கின. போனக்காட்டிலும் உற்பத்தி முடங்கியது. தொழிலாளர்களின் ஊதியமும் பணிக்கொடையும் நிலுவையில் விழுந்தன.

அனுமதி அவசியமா?

இப்பகுதிக்குச் செல்வோர் வனத்துறைச் சோதனைச்சாவடியைக் கடக்க வேண்டும். அருகிலுள்ள பேப்பாறை வனவிலங்கு சரணாலயத்துக்குள் படமெடுப்பதற்கு, 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவின்படி அனுமதி பெறுவது கட்டாயம். பங்களா தோட்டத்துக்குரிய தனியார் சொத்து என்பதால், சாலையில் செல்வதற்கான அனுமதி கட்டடத்துக்குள் நுழைவதற்கான அனுமதி ஆகாது. மழையில் ஊறிய சுவர்களும் உளுத்த மரச்சட்டங்களும் எச்சரிக்கையின்றி இடிந்து விழக்கூடும்.

பேய்க் கதை மறைப்பது என்ன?

வெள்ளைக்கார மேலாளரின் மகள் இங்கு இறந்ததாகக் கூறப்படும் கதை, செவிவழியாகப் பரவியதே. ஆனால், பங்களாவிலிருந்து சிறிது தொலைவிலுள்ள லயங்களில் மனிதர்கள் வாழ்ந்து வருகின்றனர். அவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்களின் வழித்தோன்றல்கள். தொழிலாளர்களுக்குக் குடியிருப்பு வழங்குவதை நிர்வாகத்தின் கடமையாக்கியது 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம். எனினும், பங்களாவைப் போலவே லயங்களும் சிதைந்தன.

அந்த வரிசை வீடுகளைப் படமெடுக்க விரும்புவோர், முதலில் குடியிருப்போரின் ஒப்புதலைப் பெறுவதே முறை. ‘ஆளில்லா ஊர்’ என்று படக்குறிப்பு எழுதினால், நிலுவைத் தொகைக்காகக் காத்திருப்போர் அங்கு இல்லை என்றே பொருள்படும்.