கொக்கியில் மாட்டிய போர் விமானம்

மிக்-15, சேபர் போன்ற வெற்றி பெற்ற விமானங்களுக்கு மாடல் செய்ய ஆள் நிறைய உண்டு. என் மேஜைக்கு வருபவை வேறு ரகம். ஜெட் எஞ்சின் புதிதாக வந்த 1940களிலும் 50களிலும் பெரும் நம்பிக்கையோடு கட்டப்பட்டு, சீக்கிரமே கைவிடப்பட்ட போர் விமானங்கள். அவை எங்கே இடறின என்பது புத்தகத்தில் படித்தால் பாதிதான் புரிகிறது. பாகம் பாகமாக ஒட்டும்போது மீதியும் விளங்கிவிடும்.

அமெரிக்காவின் மெக்டொனல் எக்ஸ்எஃப்-85 கோப்ளினை எடுத்துக்கொள்வோம். பி-36 என்ற ராட்சத குண்டுவீச்சு விமானம் கண்டம் விட்டுக் கண்டம் பறக்கக்கூடியது. அத்தனை தூரம் காவலாகப் போக அன்றைய போர் விமானங்களில் எரிபொருள் ஏது? அதனால் ஒரு குட்டி ஜெட்டை பி-36 தன் வயிற்றுக்குள்ளேயே சுமந்துபோகட்டும், எதிரி வந்தால் இறக்கிவிடட்டும், சண்டை முடிந்ததும் கொக்கியில் மாட்டி உள்ளே இழுத்துக்கொள்ளட்டும் என்று திட்டமிட்டார்கள்.

1/72 அளவு மாடலில் ஆறடி மனிதர் ஓர் அங்குல உயரம் இருப்பார். அந்த அளவில் கோப்ளினின் நீளம் 6.3 செ.மீ.தான். பி-36 செய்தாலோ, இறக்கையின் இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை ஏறக்குறைய ஒரு மீட்டர் வரும்!

இப்படிப்பட்ட விமானங்களின் மாடல் கிட்டுகளைப் பெரும்பாலும் செக் நாட்டுச் சிறு நிறுவனங்களே குறைந்த எண்ணிக்கையில் வெளியிடுகின்றன. பெரிய கம்பெனி கிட்டில் இரு பாதிகளும் சரியாகப் பொருந்த முளையும் துளையும் இருக்கும். இவற்றில் பெரும்பாலும் இராது. விளிம்பை உப்புத்தாளில் தேய்த்து, சேர்த்துப் பார்த்து, மறுபடி தேய்த்து, இடைவெளியில் புட்டிப் பசை அடைக்க வேண்டும். கோப்ளின் பனங்காய் போல உருண்ட உடல்காரன். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒட்டிய கோடு கண்ணில் படும். மேலே பூசுவது வெள்ளி நிறம் வேறு, சின்னக் கீறலைக்கூடக் காட்டிக்கொடுத்துவிடும்.

வால் பகுதிக்கு வந்ததும் கை தானாக நிதானமாகிறது. குண்டு அறைக்குள் அடங்க வேண்டுமே, உயரமான ஒற்றை வாலுக்கு இடமில்லை. எனவே சிறு சிறு துடுப்புகள் பல. ஒவ்வொன்றும் ஒரு கோணம். இறக்கை மடங்கும். சக்கரம் கிடையாது, ஆபத்துக்கு உதவ வயிற்றின் அடியில் ஒரு சறுக்குப் பலகை மட்டும்.

கிட்டில் வரும் பிளாஸ்டிக் கொக்கி தடிமனாக இருக்கும் என்பதால் கித்தார் கம்பியை வளைத்துச் செய்துகொள்வேன். அதை மூக்கின் மேல் பொருத்தும்போதுதான் உறைக்கும்: சற்றுப் பின்னாலேயே விமானியின் தலை!

1948 ஆகஸ்ட் 23, கலிஃபோர்னியாவின் மியூரக் தளம். பி-36க்குப் பதிலாக, மாற்றியமைத்த பி-29 குண்டுவீச்சு விமானம் ஒன்றிலிருந்து சோதனை விமானி எட்வின் ஷோக் கோப்ளினில் இறங்கினார். திரும்ப மாட்ட முயன்றபோது தாய் விமானத்தின் அடியில் காற்று அலைக்கழித்தது. கொக்கியை மாட்ட வேண்டிய தொங்கு சட்டத்தில் மோதி விமானி அறையின் கண்ணாடி நொறுங்கியது. தலைக்கவசமும் முகமூடியும் பிய்த்துக்கொண்டு போயின. வறண்ட ஏரிப்படுகையில் வயிற்றால் சறுக்கித் தரையிறங்கி உயிர் பிழைத்தார். அக்டோபரில் மாட்டியும் காட்டினார். அவருக்கே இந்தப் பாடு என்றால், சண்டையில் களைத்துத் திரும்பும் சாதாரண விமானி என்ன செய்வார்? 1949-இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். ஷோக்கின் துணிச்சலை நினைக்காமல் அந்தக் கொக்கியை என்னால் ஒட்ட முடிவதில்லை. கட்டிய இரண்டு கோப்ளின்களும் இன்றும் இருக்கின்றன, ஒன்று ஒஹாயோவின் டேட்டனில், மற்றது நெப்ராஸ்காவில்.

அமெரிக்கக் கடற்படையின் வாட் கட்லஸ் ஜெட்டுக்கோ முன்சக்கரக் கால்தான் சனியன். தனி வால் இல்லாத அந்த விமானம் மூக்கைத் தூக்கி நிற்க வேண்டியிருந்ததால் காலை நெடுநெடுவென்று வைத்தார்கள். விமானந்தாங்கிக் கப்பலில் வேகமாக இறங்கினால் அது முறியும். எஞ்சின்களும் சொன்ன பலத்தைத் தரவில்லை. மாடலிலும் அந்தக் கால்தான் முதலில் வளைகிறது. உள்ளே பித்தளைக் கம்பி செருகிவிடுவது நல்லது.

புதிதாகத் தொடங்குபவர்கள் கோப்ளின், கட்லஸ் போன்றவற்றில் கை வைக்க வேண்டாம். ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் 1/72 சூப்பர்மரின் ஸ்விஃப்ட் சுலபமாகப் பொருந்தும். 1953-இல் உலக வேகச் சாதனை படைத்து, 1954-இல் பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்து, உயரத்தில் சரியாகத் திரும்பாமல் மறு வருடமே சண்டைப் பணியிலிருந்து விலக்கப்பட்டது அது. கிட்டில் வருவது அதற்குப் பிந்தைய எஃப்ஆர்.5 வகை. மூக்கை நீட்டிக் கேமரா வைத்து, மேற்கு ஜெர்மனியில் தாழப் பறந்து படமெடுக்க அனுப்பினார்கள். அந்த வேலையை ஸ்விஃப்ட் நன்றாகவே செய்தது.