சென்னை வீட்டுக் கிரயமும் மாதக் கணக்கும்

ஆவணி மாதத்து முகூர்த்த நாளொன்றின் காலையில் சென்னையிலுள்ள எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சென்றாலும், ஓரங்களில் மஞ்சள் தடவிய கிரயப் பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, ராகுகாலம் வருமுன் தங்கள் டோக்கன் எண்ணை அழைத்துவிட வேண்டுமே என்று சுவர்க் கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்திருக்கும் குடும்பங்களைக் காணலாம். ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்தில் நாளொன்றுக்கு 100 ஆக இருக்கும் டோக்கன்களை இத்தகைய சுபதினங்களில் பதிவுத்துறையே 150 ஆக உயர்த்துகிறது. ஆடியிலோ, ஆடிப்பெருக்கு நீங்கலாக, கிரயம் பேசி அட்வான்ஸ் கொடுத்தவர்கள்கூட ஆவணி பிறக்கட்டும் என்று காத்திருப்பார்கள்.

ஆகவே, ஜூலையில் வீட்டு விற்பனை சரிந்தது, செப்டம்பரில் எழுந்தது என்று வரும் செய்திகளைப் படிக்கும்போது, ஆடி ஜூலை நடுவில் பிறந்து ஆகஸ்டு நடுவில் முடிவதையும், மார்கழி டிசம்பரிலும் ஜனவரியிலுமாகப் பங்குபட்டுக் கிடப்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒரு மாதத்தை அதற்கு முந்திய மாதத்தோடு ஒப்பிடுவதைவிட, சென்ற வருஷத்து அதே மாதத்தோடு ஒப்பிடுவதே நியாயம். பதிவாகும் கிரயமும் அந்த மாதத்துப் பேரம் அன்று. வங்கிக் கடன் கிடைத்து, வில்லங்கம் பார்த்து முடிவதற்குள் பேசிய விலைக்கு இரண்டொரு மாதம் வயதாகிவிடுகிறது.

இவற்றினும் அதிகமாக ஜனங்களை மயங்கவைப்பது சராசரி விலை. ஒரு மாதத்தில் ஆழ்வார்பேட்டையில் 2 கோடி ரூபாய் வீடுகள் பத்தும், கூடுவாஞ்சேரியில் 50 லட்ச ரூபாய் வீடுகள் பத்தும் விற்றதாக உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால், சராசரி 1.25 கோடி. மறுமாதம் முன்னதில் ஐந்தும் பின்னதில் பதினைந்தும் விற்றால், எந்த வீட்டின் விலையும் ஒரு ரூபாய்கூடக் குறையாமலே, சராசரி 87.5 லட்சமாக, அதாவது 30 விழுக்காடு வீழ்ந்து நிற்கும். இந்த வீழ்ச்சியை நம்பி, ஓய்வூதியப் பணத்தில் வாங்கிய வீட்டை அவசரப்பட்டு விற்பவருக்கு நேரும் நஷ்டமோ மெய்யானது.

பத்திரத்தில் எழுதும் தொகையையும் அப்படியே விலையாகக் கொள்ள இயலாது. முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் செலுத்த வேண்டியிருப்பதால், அரசாங்கத்தின் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே எழுதிவிடும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அந்த மதிப்பு 2017 ஜூனில் 33 விழுக்காடு குறைக்கப்பட்டு, 2023 ஏப்ரலில் பழைய நிலைக்கு உயர்த்தப்பட்டது. அத்தகைய மாதங்களில் மொத்தத் தொகையில் காணும் மாற்றத்தைச் சந்தையின் ஏற்ற இறக்கமாகக் கருதுவது பிழை. பதிவான பத்திரங்களின் எண்ணிக்கையிலும் கிரயத்தோடு செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, அடமானம் எல்லாம் கலந்தே இருக்கின்றன.

வாங்கப்போகும் கட்டடத்தின் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு ஆவணத்துக்கும் எதிரே கைமாற்றுத் தொகையும் சந்தை மதிப்பும் அச்சாகியிருக்கும். அதே பரப்புள்ள வீடு ஒன்று சென்ற தையில் கைமாறியதாக அதில் தெரியவருமானால், தேதியையும் தொகையையும் குறித்துக்கொண்டு, அதை வாங்கியவரிடமே பேசி முடித்த விலையை விசாரித்துவிட்டு, பிறகு பேரத்துக்கு உட்காரலாம்.